பழைய கோப்பில் மேடம் பெயரில் இருக்கும் வரி

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கம்பெனியில் பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். எந்த ‘ர’ எங்கே வரும் என்பது ஐம்பத்து நான்கு வயதிலும் எனக்குச் சந்தேகம்தான். பிழைகளில் சிலவற்றை என் மகள் திருத்தியிருக்கிறாள். மிச்சம் இருப்பவை என்னுடையவை.

சர்க்கரை கண்ணைப் பிடித்ததால் போன மாதம் வேலையை விட்டேன். வழியனுப்பு நாளில் கேன்டீனில் என் கையில் மைக்கைக் கொடுத்தீர்கள். “எல்லாருக்கும் வணக்கம்” என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். அதன் பிறகு கேசரி சாப்பிடும்போது, சிஸ்டம் ரூமில் புதிதாகச் சேர்ந்த உங்கள் நாலு பேரில் ஒருவர் சொன்னது நினைவிருக்கும்.

“அண்ணா, பழைய சர்வரைக் காலி பண்றப்ப ஒரு ஃபைலு பார்த்தோம். யாரோ ஒரு மேடம், அவங்க பண்ண தப்பை அவங்களே எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க. இன்னிக்கு யாராச்சும் இப்படி எழுதுவாங்களா?”

எல்லாரும் சிரித்தீர்கள். நான் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தப்பு மேடம் செய்தது இல்லை. நான் செய்தது. அதை அன்றைக்கே, அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயால் சொல்ல முடியாததால் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

நான் இந்தக் கம்பெனிக்கு வந்தது எலக்ட்ரீஷியனுக்கு உதவி ஆளாக. யு.பி.எஸ். பேட்டரி தூக்குவது, தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது. நீங்கள் கூப்பிடும் ‘பேட்டரி அண்ணா’ என்ற பெயர் அப்போது வந்ததுதான். சிஸ்டம் ரூமுக்கு அப்போது ஒரே ஒரு ஆள்தான், அந்த மேடம். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் பேட்டரி மேல் ஒட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்துகளை நான் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

“படிக்கத் தெரியுமா அண்ணாச்சி?”

“இல்லீங்க மேடம். எழுத்து தெரியும். சேர்த்தா என்னா வருதுன்னு தெரியாது.”

“அப்ப ஒரு எழுத்து மாறி இருந்தா கண்டுபிடிச்சிருவீயளா?”

“அது கண்டுபிடிச்சிருவனுங்க.”

“எனக்கு அது போதும். சேத்துப் படிக்கிறவங்க அவசரத்துல படிச்சு, இல்லாத எழுத்தையும் இருக்குன்னு நெனச்சுக்கிடுவாங்க.”

இப்படித்தான் நான் உங்கள் ரூமுக்குள் வந்தேன். பேட்டரி வேலையும் பார்த்துக்கொண்டு, அவர் தாளில் எழுதித் தரும் வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிப்பேன். பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய எங்கள் கம்பெனிப் பக்கங்கள் எல்லாம் அந்தப் பழைய சர்வரில்தான் இருந்தன. அவை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பெயர் புள்ளியில் ஆரம்பிக்கும் ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்தால் போதும். உங்களுக்குத் தெரிந்ததுதான். புள்ளி இருப்பதால் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. ஆனால் அந்த ஃபோல்டருக்கும் அதற்குக் கீழே இருக்கும் அத்தனைக்கும் அதன் சொல்தான் சட்டம். எழுதிச் சேமித்தால் போதும், சர்வரை நிறுத்திக் கிளப்பாமலே அடுத்த நொடியில் வேலைக்கு வந்துவிடும். நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வரியை மாற்றினாலும் அதற்கு மேலே # போட்டு ஒரு வரி எழுத வேண்டும். என்ன மாற்றினோம், யார் மாற்றினார்கள், யாருக்காக மாற்றினோம், கடைசியில் தேதி. தமிழில் எழுதலாம். “இந்தக் குறி போட்ட வரிய மிஷின் பாக்காது அண்ணாச்சி. பின்னால வர்ற மனுசங்களுக்குத்தான் இது” என்பார்.

முதல் வாரமே நான் அந்த வழக்கத்தை வைத்து ஒரு கூத்து செய்தேன். தனி வரியில் எழுத வேண்டியதை, செட்டிங் வரியின் வாலிலேயே ஒட்டி எழுதிவிட்டேன். கம்பெனி முழுக்க எல்லாப் பக்கமும் படுத்துவிட்டது. கேன்டீன் டோக்கன்கூட வரவில்லை. நூறு பேர் தட்டோடு நிற்கிறார்கள். நான் கதவு மூலையில் நிற்கிறேன். மேடம் பழைய நகலை எடுத்துப் போட்டார். அரை நிமிடத்தில் சரியானது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்ல தப்பு பண்ணியிருக்கீய. கத்துற தப்பு நல்ல தப்பு. ஊரே ஓடி வந்து சொல்லிரும். சத்தம் போடாத தப்பு ஒண்ணு வரும் பாருங்க, அதுக்குத்தான் பயப்படணும்.”

இது நடந்து ஒரு வருடம் கழித்து அந்தத் தப்பு வந்தது. என் கையாலேயே வந்தது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் ரூமுக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு இன்ஜினியர், நான் எழுதிய # வரியை மற்றவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான் எழுதியிருந்த பிழைகளோடு அப்படியே படித்தார். அவர் கெட்டவர் இல்லை, விளையாட்டுக்குச் செய்தார். ஆனால் அன்றிலிருந்து நான் # வரி எழுதுவதை விட்டேன். மேடம் இருக்கும்போது அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். அவர் இல்லாதபோது எழுதமாட்டேன். இதை அவரிடம் சொல்லவும் இல்லை.

எங்கள் கம்பெனியில் பம்ப்புக்கான அலுமினிய உறை செய்கிறார்கள். லாரியில் ஏறுமுன் ஒவ்வொரு லாட்டையும், அதாவது ஒரே நம்பரில் வரும் தொகுதியை, இன்ஸ்பெக்ஷனில் பார்த்து, போட்டோ எடுத்து, அளவுகளை எழுதி, சர்வரில் ஏற்ற வேண்டும். அந்த ஆடி மாதம் இன்ஸ்பெக்ஷனுக்குப் புதிய போன்கள் வந்தன. மேடம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தார். இன்ஸ்பெக்ஷன் பார்க்கும் மஞ்சுளா ரூமுக்கு வந்தாள். ஜவளகிரிக்காரி, வீட்டில் கன்னடம். மூன்று வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தாள். அடுத்த மாதம் நிரந்தரம் ஆகும் பட்டியலில் அவள் பெயர் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

“அண்ணா, புது போன்ல எடுத்த போட்டோ ஏற மாட்டேங்குது. பெரிசா இருக்குன்னு சொல்லுது.”

எனக்கு அந்த வரி தெரியும். ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று சொல்லும் வரி. இரண்டு என்று இருந்ததை இருபது என்று மாற்றினேன். அவள் போனிலேயே ஒரு போட்டோ ஏற்றிப் பார்த்தேன். ஏறியது.

“சூப்பர்ணா. மேடம் இல்லாமயே பண்ணிட்டீங்க.”

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். # வரி எழுதவில்லை.

மூன்று வாரம் போனது. ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு மீட்டிங் ஹாலில் புரொஜெக்டர் போட வேண்டும் என்றார்கள். போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். குவாலிட்டி மேனேஜர், எச்.ஆர். ஆள், எங்கள் மேடம், எதிரில் மஞ்சுளா. மேஜை மேல் ஒரு பம்ப் உறையும், ஒரு போனும், தட்டச்சு செய்த ஒரு தாளும் இருந்தன. வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டிருக்கிறார்கள். மஞ்சுளா பெயரில் பதினொரு ரிப்போர்ட் வெறுமையாக இருந்தது. பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது. அளவும் இல்லை, போட்டோவும் இல்லை.

“பார்க்காமலே பட்டனைத் தட்டியிருக்கியேம்மா” என்றார் மேனேஜர். அவர் கத்தும் ஆள் இல்லை. மெதுவாகத்தான் பேசினார், அதுதான் கஷ்டமாக இருந்தது. “பதினோரு லாட்டு. ஒரு நாள் ரெண்டு நாள்னா தலைவலின்னு விட்டுடலாம்.”

“இல்ல சார். எல்லாம் பார்த்தேன். அளவு போட்டேன். பதிவானதுன்னு பச்சையா வந்துச்சு.”

“அதே போன், அதே பக்கம். மத்த ஆறு பேருது ஒழுங்கா இருக்கு. உன்னுது மட்டும் எப்படிம்மா காலியா வரும்?”

“தேவராணெ சார், நாலு போட்டோ வெச்சேன்.” பயம் வந்ததும் அவளுக்குச் சத்தியம் கன்னடத்தில் வந்துவிட்டது. போனில் இருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. வாங்கும் கம்பெனியின் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று ஷிப்ட் முடிந்ததும் போனில் இருப்பதை அழித்துவிடுவது விதி.

மேனேஜர் எங்கள் மேடத்தைப் பார்த்தார். “சிஸ்டம்ல ஏதாச்சும் மாத்தினீங்களா?”

“இல்ல சார். காலையில அந்தக் கோப்பைப் பார்த்தேன். கடைசிக் குறிப்பு போன வருஷம் நான் எழுதினது. அதுக்குப் பிறகு யாரும் கை வைக்கல.”

குறிப்பு இல்லாவிட்டால் மாற்றமும் இல்லை. அந்த ரூமில் அதுதான் வழக்கம், அதை நம்பித்தான் அவர் சொன்னார். கை வைத்தவன் இங்கே நிற்கிறேன். ஆனால் அதனால்தான் இது நடந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஏற்றிப் பார்த்தேனே, ஏறியதே. மற்ற ஆறு பேருக்கும் ஏறியிருக்கிறதே.

எச்.ஆர். ஆள் அந்தத் தாளை மஞ்சுளா பக்கம் நகர்த்தினார். “தப்பை ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுடும்மா. வெளிய அனுப்ப மாட்டோம். பட்டியல்ல இருந்து பேரை மட்டும் எடுத்துடுவோம். கான்ட்ராக்ட்லயே இரு.”

அவள் பேனாவை எடுக்கவில்லை. “நாலு போட்டோ வெச்சேன்” என்று திரும்பவும் சொன்னாள்.

நாலு. நான் ஏற்றிப் பார்த்தது ஒன்று.

பேச வேண்டும். வாய் வரவில்லை. பெரிய ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நான் அதுவரை ஒரு வாக்கியம் பேசியதில்லை. ஆனால் கை எனக்கு எப்போதும் வாயைவிடத் தைரியமானது. மேஜையருகே போனேன். போனை எடுத்தேன். இன்ஸ்பெக்ஷன் பக்கத்தில் என் பெயரில் நுழைந்தேன். அங்கே இருந்த பம்ப் உறையை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, உள்ளே ஒன்று, லாட் நம்பர் தெரிய ஒன்று என நாலு போட்டோ எடுத்தேன்.

“என்னப்பா பண்றே?” என்றார் எச்.ஆர். ஆள்.

அளவு கட்டங்களில் வாய்க்கு வந்த எண்களை அடித்து அனுப்பினேன். பச்சையாக வந்தது, பதிவானது என்று. புரொஜெக்டரில் பட்டியலைப் புதுப்பித்தேன். சுவரில் எல்லோரும் பார்க்க என் பெயர் வந்தது. நேரம் வந்தது. எதிரில் ஒன்றும் இல்லை.

மேடம் எழுந்து சுவரருகே போனார்.

“எத்தனை போட்டோ வெச்சீய அண்ணாச்சி?”

“நாலுங்க.”

“ஒண்ணு வெச்சு அனுப்புங்க.”

அனுப்பினேன். போட்டோவும் வந்தது, எண்களும் வந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. அதற்கு மேல் அவர் கேட்கும்வரை நிற்பது சரியில்லை என்று பட்டது.

“மேடம், அந்த இருபது போட்டது நானுங்க. ஆடி மாசம். எழுதி வெக்கல.”

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது ஒரு வரி. மொத்த வண்டியும் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது இன்னொரு வரி. நான் பெட்டியைப் பெரிதாக்கிவிட்டு வண்டியை அப்படியே விட்டுவிட்டேன். ஒன்று இரண்டு போட்டோ என்றால் வண்டி உள்ளே வந்தது. மூன்று நாலு என்றால் அளவு மீறியது. மீறினால் சர்வர் வண்டியைத் திருப்பி அனுப்பவில்லை. சரக்கு முழுவதையும் வாசலிலேயே கொட்டிவிட்டு, ஓட்டுநரை மட்டும் உள்ளே விட்டு, ‘வந்தார், ஒன்றும் கொண்டுவரவில்லை’ என்று எழுதிக்கொண்டது. மற்ற ஆறு பேரும் ஒரு போட்டோவோடு முடித்தவர்கள். முழுதாகப் பார்த்தவள் ஒருத்திதான். அவள் ரிப்போர்ட்தான் வெறுமையாக வந்தது.

அடுத்து மேடம் செய்ததுதான் இத்தனை வருடமாக என் மனதில் இருக்கிறது. என் பக்கம் திரும்பவே இல்லை. மேனேஜரிடம் சொன்னார்.

“சார், யாரும் கை வைக்கலன்னு நான் சொன்னது தப்பு. குறிப்பை மட்டும் பார்த்தேன், வரியைப் பார்க்கல. நான் சொன்னதை நம்பித்தான் நீங்க அந்தத் தாளை நீட்டுனீய. ஒரு பத்து நிமிஷம் குடுங்க.”

சர்வர் தன்பாட்டுக்கு எழுதி வைக்கும் பதிவைத் திறந்தார். அதை நான் பார்த்ததே இல்லை. அளவு மீறியது, அளவு மீறியது என்று அது மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. படிக்க ஆள் இல்லை. மேடம் ஒவ்வொரு நேரமாகப் படித்தார். மேனேஜர் மஞ்சுளாவின் ரிப்போர்ட் நேரத்தோடு ஒத்துப் பார்த்து டிக் போட்டார். பதினொன்றும் நிமிடம் தவறாமல் பொருந்தின. பன்னிரண்டாவது நான் இப்போது அனுப்பியது.

மேனேஜர் பேனாவை மூடினார். “எதுக்கும்மா நாலு எடுக்கிறே? நாங்க ஒண்ணுதானே கேட்டோம்.”

“ஒண்ணுல உள்ள இருக்கிற ஓட்டை எப்படி சார் தெரியும்?” என்றாள் மஞ்சுளா. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “நம்பர் எப்படித் தெரியும்? எந்த லாட்டுன்னு நாளைக்கு நீங்களே கேப்பீங்க.”

மேனேஜர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “போய் டீ குடிம்மா. பேரு பட்டியல்லயே இருக்கும்” என்றார். பிறகு எச்.ஆர். ஆளிடம், “மத்த ஆறு பேரையும் நாளைக்கு வரச் சொல்லுங்க. நாலு போட்டோ எப்படி எடுக்கறதுன்னு இந்தம்மாவே சொல்லித் தரட்டும்” என்றார்.

இன்ஸ்பெக்ஷனில் நாலு போட்டோ விதியைக் கண்டு நீங்கள் சலித்துக்கொள்கிறீர்களே, சர்வர் நிரம்புகிறது என்று. அந்த விதி அன்றைக்கு வந்தது. நம்பர் போட்டோ எங்கே என்று போனில் உங்களை விரட்டும் டிரெயினர் மஞ்சுளா மேடம்தான் அந்த மஞ்சுளா.

ரூமுக்குத் திரும்பினோம். திட்டுவார் என்று நினைத்தேன். மேடம் வண்டி அளவைப் பெட்டி அளவைவிடப் பெரிதாக்கினார். நாலு, ஐந்து, ஆறு போட்டோ வைத்து ஏற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“ஏன் எழுதல அண்ணாச்சி?”

“பிழையா எழுதறேன்னு சிரிச்சாங்க மேடம்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா” என்றார். “இனிமே தெலுங்குல எழுதுங்க, படம் போட்டு வேணும்னாலும் வைங்க. எழுதாம மட்டும் இருக்காதீய.” பிறகு கீபோர்டை இழுத்து ஒரு # வரி அடித்தார். நீங்கள் பார்த்துச் சிரித்த அந்த வரி. ஒரு அளவு மட்டும் கூட்டப்பட்டது, இன்னொன்று கூட்டப்படவில்லை, பதினொரு ரிப்போர்ட் வெறுமையாகப் போயின, பொறுப்பு என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரை அடித்தார்.

“மேடம், அது நானுங்க.”

“ரூமுக்குப் பொறுப்பு நான்தான. நாலு பேரு முன்னால உங்க வாயால சொல்லிட்டீய. அது போதும். இத நாளைக்கு எவனாவது படிச்சுச் சிரிச்சா, என் பேரைப் பார்த்துச் சிரிக்கட்டும்.”

அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டேன். இரண்டு வருடத்தில் அவர் கோயம்புத்தூர் போய்விட்டார். ஹாலில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வேறு வேறு இடம் போனார்கள். அங்கே நான் சொன்னதைக் கேட்டவர்களில் இப்போது கம்பெனியில் இருப்பது மஞ்சுளா மட்டும்தான். கோப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. அவர் சொன்னபடியே நடந்தது. நீங்கள் சிரித்தீர்கள், அவர் பெயரைப் பார்த்து.

பழைய சர்வரைக் காலி செய்தாலும் அந்தக் கோப்பைப் புதியதற்கு நகல் எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று தெரியும். அந்த வரியை அழிக்க வேண்டாம். அது அவர் எழுதியது. அதற்குக் கீழே இதையும் அப்படியே சேர்த்துவிடுங்கள். பிழை இருந்தால் திருத்த வேண்டாம்.

# பெட்டி அளவை மட்டும் கூட்டியது நான், பேட்டரி அண்ணா. மேடம் இல்லை. மஞ்சுளாவுக்காக மாற்றினேன், ஒரே ஒரு போட்டோவோடு சோதித்தேன், அவள் பெயர் கெட இருந்தது. அன்றைக்கே எழுத வேண்டிய வரி. எழுதிய தேதி 14-07-2024